பதினோராவது பத்தி

அன்று காலை எமிலால் காப்பிக் கோப்பையைத் தூக்க முடியவில்லை.

வலது கையின் விரல்கள் மரத்துப்போயிருந்தன. முப்பத்தெட்டு வருடம் கூரைமேல் முட்டி போட்டு ஆணியடித்த கை. வலி தோள்பட்டையில் கிளம்பி முழங்கைக்கு இறங்கும். விரல் நுனிக்கு வரும்போது அது வலியாகக்கூட இருக்காது. கை வேறு யாருடையதோ என்று ஆகிவிடும். இடது கையால் கோப்பையை எடுத்தான். பாதி சட்டையில் கொட்டியது.

"மழை பெய்ற அன்னைக்குத்தான் உனக்கு எல்லா வலியும் ஞாபகம் வரும்," என்றாள் ரோசான். துணியைத் தூக்கி அவன் மடியில் போட்டாள்.

ஏரிப் பக்கமிருந்து காற்றும் மழையுமாக அடித்துக்கொண்டிருந்தது. ஆட்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். செப்டம்பர் கடைசி. அமெரிக்க ஏரிக்கரை நகரமான எரீயில் பனி விழுவதற்குள் இன்னும் ஐந்து கூரை முடித்தாக வேண்டும். ஒரு நாள் மழை என்றால் ஒரு நாள் போச்சு.

"லொரெட்டா போனை எடுத்தாளா?"

"இல்ல."

"மூணு வாரமாச்சு எமில். உன் அக்கா மூணு நாள் பேசாம இருந்தாளே நம்ம கல்யாணத்தப்போ, அதுக்கே ஊரு பூரா பேசிச்சு."

எமில் மடியைத் துடைத்தான். சமையலறை ஜன்னல் வழியாகப் பின்வாசல் படிகள் தெரிந்தன. மூன்று படி. நடுப்படி மட்டும் புதுப் பலகை.

ஈஸ்டர் ஞாயிறு அன்று அந்த நடுப்படிதான் உடைந்தது. கையில் பன்றித்தொடைத் தட்டோடு இறங்கிய அக்கா லொரெட்டாவின் கால் பலகைக்குள் போனது. இடுப்பெலும்பு முறிந்தது. அறுபத்து மூன்று வயது. பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் நின்றே வேலை பார்த்தவள். அறுவை சிகிச்சை, இரும்புத் தகடு, ஏழு வாரம் நடை பழக்கும் மறுவாழ்வு இல்லம். இன்னும் நாலுகால் வாக்கரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள்.

காலிங் பெல் அடித்தது.

வாசலில் ஷெரிஃப் ஆபீஸ் கார். நனைந்த தொப்பியோடு டக் ஃபென்னல் நின்றான். போன வருடம் அவனுடைய கார் கொட்டகைக்கு எமில்தான் கூரை போட்டுக் கொடுத்தான்.

"என்ன டக், ஒழுகுதா?"

"ஒழுகல. உன் வேலை ஒழுகுமா?" டக் சிரிக்கவில்லை. கோட்டுக்குள்ளிருந்து ஒரு உறையை எடுத்தான். "எமில் ஹ்ருஷ்கா நீதானேன்னு நான் கேக்கணும்."

"ஏன்டா, என்னைத் தெரியாதா உனக்கு?"

"தெரியும். ஆனாலும் கேக்கணும்."

"நான்தான்."

உறை கைக்கு வந்தது. வலது கையில் வாங்கினான். விரல் பிடிக்காமல் கீழே விழுந்தது. டக்கே குனிந்து எடுத்து இடது கையில் திணித்தான்.

"இந்த மாசம் நான் குடுக்கிற முப்பத்தொண்ணாவது கோர்ட்டுக் காகிதம் இது," என்றான் டக், சமாதானம் சொல்வது போல. "நாய் குலைச்சதுக்கு ஒண்ணு. பக்கத்து வீட்டு இலை இவன் வீட்டுல விழுந்ததுக்கு ஒண்ணு. நேத்து ஒரு பொண்ணு, சொந்தத் தோழி மேல. கல்யாணத்துக்கு வரேன்னுட்டு வராம போயிட்டாளாம், சாப்பாட்டுக் காசைக் குடுன்னு. முன்னல்லாம் மூஞ்சில ஒரு குத்து விட்டு, அடுத்த வாரம் சேர்ந்து பீர் குடிப்பாங்க. இப்ப குத்துறதுக்கு யாருக்கும் தெம்பில்ல, என்னை அனுப்புறாங்க."

"யாரு போட்டிருக்கா?"

டக் தொப்பியைச் சரி செய்தான். "உள்ள போயி உக்காந்துட்டுப் படி எமில்."

அவன் உட்காரவில்லை. வாசலிலேயே கிழித்தான்.

லொரெட்டா கோவாச், வாதி. எதிர். எமில் ஹ்ருஷ்கா, பிரதிவாதி.

மூன்று தடவை படித்தான். அச்செழுத்து மாறவில்லை. தலைக்குள் ஆணியடிக்கும் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம், பிறகு எதுவும் கேட்கவில்லை. ரோசான் பின்னால் வந்து நின்று ஏதோ கேட்டாள். வாய் அசைவது மட்டும் தெரிந்தது. அவன் கையிலிருந்து காகிதத்தைப் பிடுங்கினாள்.

"கோர்ட்டுக்கா? உன் மேலயா? அவளா?" ரோசான் சுவரில் கை ஊன்றிக்கொண்டாள். "ஏழு வாரம் தினமும் சூப்பு கொண்டுபோனேன் அவளுக்கு. தலை சீவி விட்டேன். கால் நகம் வெட்டி விட்டேன் எமில், கால் நகம்!"

எமில் காகிதத்தைத் திரும்ப வாங்கினான். பத்தி பத்தியாக எண் போட்டிருந்தது. ஒன்று, வாதியின் முகவரி. இரண்டு, பிரதிவாதியின் முகவரி. இரண்டுக்கும் நடுவே நான்கு தெரு. பதினோராவது பத்தியில் அவன் கண் நின்றது.

'மேற்படி படி பழுதடைந்து ஆபத்தான நிலையில் இருந்ததைப் பிரதிவாதி அறிந்திருந்தார், அல்லது அறிந்திருக்க வேண்டும்.'

அறிந்திருந்தார்.

எப்படித் தெரியும் அவளுக்கு? யாருக்குமே தெரியாதே.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வெள்ளிக்கிழமை அன்று அந்தப் படியில் ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பார்த்தான். கேக்கில் இறங்குவது போல இறங்கியது. பலகை மாற்ற ஒரு மணி நேர வேலை. ஆனால் காலை ஆறிலிருந்து வேறொருவனுடைய கூரையில் கிடந்துவிட்டு வந்திருந்தான். முட்டி மடங்கவில்லை. வேலைக்காரனின் வீடு எப்போதும் கடைசியில்தான். உளுத்துப்போன இடத்தில் பட்டி மாவை வைத்து அடைத்தான். காய்ந்ததும் தேய்த்து, சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்தான். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குப் பளபளவென்று இருந்தது. கோடைக்கு மாற்றிவிடலாம் என்று நினைத்தான்.

அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மே மாதம் வீட்டு இன்சூரன்ஸ் ஆள் போனில் கூப்பிட்டு, பேச்சைப் பதிவு செய்கிறோம் என்று சொல்லி, படி எப்படி இருந்தது என்று கேட்டான். எமில் அப்போது ஒரு கூரை மேல் இருந்தான். பக்கத்தில் நான்கு ஆட்கள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். தன் வீட்டுப் படி உளுத்துக் கிடந்தது என்று ஒரு கூரைக்காரன் எப்படிச் சொல்வான்?

"நான் முப்பத்தெட்டு வருஷமா மரம் பாக்கிறவன் சார். என் வீட்டுப் படி கல்லு மாதிரி இருந்துச்சு," என்றான்.

அவ்வளவுதான். படி நன்றாக இருந்ததாம், விழுந்தது அவள் பாடு என்று கம்பெனி லொரெட்டாவுக்குக் கடிதம் போட்டது. ஒரு சென்ட் தர மாட்டோம்.

*

இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தான். ஒரு மணி நேரத்தில் அவர்களுடைய வக்கீல் ஹாலொரன் கூப்பிட்டான். குரலில் வெண்ணெய் வழிந்தது.

"எமில், முதல்ல மூச்சு விடுங்க. இனிமே இது உங்க தலைவலி இல்ல, என் தலைவலி. உங்களுக்காக நான் ஆஜராகுறேன், செலவு கம்பெனியோடது."

"எனக்காகன்னா?"

"உங்க அக்காவை ஜெயிக்க விடாம பாத்துக்கிறது."

"அவ ஜெயிக்கணும் சார். அவ இடுப்புல தகடு இருக்கு. அவளுக்குப் பணம் வேணும். அதுக்குத்தானே நான் வருஷா வருஷம் கட்டுறேன்?"

மறுமுனையில் ஒரு சின்னச் சிரிப்பு. "எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. அப்படிச் சொல்லாதீங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க. முக்கியமா அவங்ககிட்ட. அவங்களோட பேச்சே வேண்டாம். போன் வேண்டாம், பிறந்தநாள் வாழ்த்துகூட வேண்டாம். எல்லாத்துக்கும் மேல, மன்னிப்புன்னு ஒரு வார்த்தை உங்க வாயில வரவே கூடாது."

"பதினோராவது பத்தில..." எமில் காகிதத்தைத் திருப்பினான். "நான் தெரிஞ்சே செஞ்சேன்னு எழுதியிருக்கா. யாரு சொன்னாங்க அவளுக்கு?"

"அதுவா? யாரும் சொல்லல. எல்லா வக்கீலும் எல்லா வழக்குலயும் எழுதுற வரி அது. என் கம்ப்யூட்டர்லகூட அப்படியே இருக்கு, பேரை மாத்தி ஒட்ட வேண்டியதுதான். கவலைப்படாதீங்க. உங்க பதிவைக் கேட்டேன். கல்லு மாதிரின்னு சொன்னீங்க பாருங்க, அருமை. நவம்பர் பதினாலாம் தேதி சத்தியம் பண்ணி வாக்குமூலம். அதையே சொன்னாப் போதும். ஆமா, அந்தப் பழைய பலகை?"

"தூக்கிப் போட்டுட்டேன்," என்றான் எமில். வாய் தானாகச் சொன்னது.

"அடடா. சரி, இல்லாதது இல்லாததுதான்."

போனை வைத்தபோது எமிலின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. ஊருக்கெல்லாம் பொதுவாக அடித்துவைத்த ஒரு வரி. அது வந்து அவன் மேல் சரியாக உட்கார்ந்துவிட்டது.

பலகை கொட்டகையில் இருந்தது. தார்ப்பாய்க்கு அடியில், இரண்டு துண்டாக. ஏன் எறியாமல் வைத்தான் என்று அவனுக்கே தெரியாது.

*

பேசக் கூடாது என்று சொல்லி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. எமில் வண்டியை லொரெட்டாவின் வீட்டு முன் நிறுத்தினான். மழை விடவில்லை.

வலைக்கதவுக்குப் பின்னால் அவள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். இளைத்திருந்தாள். கதவைத் திறக்கவில்லை.

"போயிடு எமில். உன்னோட பேசக் கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருக்கான்."

"என் ஆளும் அதையேதான் சொன்னான்."

"அப்ப எதுக்கு வந்த?"

"டக் ஃபென்னல் கையில குடுத்து அனுப்பினியே. ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம்ல? நான் வாசல்லயே மாரடைப்பு வந்து செத்திருப்பேன்."

"பண்ணக் கூடாதுன்னான். போனைப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன், உன் பேரு வரும், மணி அடிச்சு ஓயும்." அவள் வாக்கரை ஒரு அடி முன்னால் நகர்த்தினாள். "உன் பேரைப் போடாம அந்தக் கம்பெனி பேரை மட்டும் போடுங்கன்னு மூணு தடவை கேட்டேன்டா. சட்டத்துல இடமில்லையாம். தம்பி மேல போட்டாத்தான் கம்பெனிக்காரன் பெட்டி திறக்குமாம். ஆஸ்பத்திரிக்காரன் வீட்டு மேல கடன் எழுதுறேங்கிறான். என் மருத்துவ இன்சூரன்ஸ்காரன், நான் கட்டினதை உன் தம்பிகிட்ட வாங்கித் தாங்கிறான். நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

எமில் நனைந்துகொண்டே நின்றான்.

"உன் கம்பெனிக்காரன் என்னென்ன கேட்டான் தெரியுமா? எத்தனை கிளாஸ் வைன் குடிச்சீங்கன்னான். செருப்பு என்ன செருப்புன்னான். எவ்வளவு எடைன்னான். எடைடா! நாப்பது வருஷம் என் புருஷன் ஃப்ரெட்டுக்கே சொல்லாததை ஒரு பொடிப்பயகிட்ட போன்ல சொன்னேன்."

சிரிப்பு வருகிற இடம். இரண்டு பேருக்கும் வரவில்லை.

"அப்புறம் சொன்னான், படி கல்லு மாதிரி இருந்துச்சுன்னு உங்க தம்பியே சொல்றாருன்னு." அவள் வலைக்கு மிக அருகில் வந்தாள். "கல்லு மாதிரி இருந்துச்சுன்னா நான் எப்படிடா விழுந்தேன்? பறந்து போயி விழுந்தேனா? நல்லாப் பாத்துட்டுத்தானே காலை வச்சேன். புதுசா பெயிண்ட் அடிச்சிருந்துச்சு. அழகா இருந்துச்சு. எமில் அடிச்சிருக்கான், நமக்கென்னன்னு மிதிச்சேன்."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாது. அதுதான் அவனை அடித்தது. நேரே முகத்தில் அறைந்திருந்தால் தாங்கியிருப்பான்.

உள்ளே சமையலறையில் சொட் சொட் என்று ஒரு சத்தம். தரையில் வாளி.

"ஒழுகுதா?" என்றான், நம்ப முடியாமல். "நான் போட்ட கூரையா?"

"புகைபோக்கி ஓரத்துல. ஒரு வாரமா."

"ஏணி எடுத்துட்டு வரேன். தகரம் விலகியிருக்கும், அஞ்சு நிமிஷம்..."

"ஏறாதே!" லொரெட்டா கத்தினாள். அவன் அப்படியே நின்றான். "ஈரக் கூரை. உன் கை வேற இப்படி இருக்கு. விழுந்தன்னா நீ என் மேல கேஸ் போடணும். என் வீட்டு இன்சூரன்ஸ் உன்னைக் கேக்கும், எத்தனை கிளாஸ் குடிச்சீங்க, எவ்வளவு எடைன்னு."

இந்தத் தடவை அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. வாக்கரை விட்டுக் கண்ணைத் துடைக்கவும் கை எடுக்க முடியவில்லை அவளுக்கு. எமில் கதவின் கைப்பிடியைப் பிடித்தான். உள்ளே தாழ் போட்டிருந்தது.

"அக்கா," என்றான். "அந்தப் படி... நான்..."

"வாயை மூடு."

"சொல்ல விடு. நான் அன்னைக்கு..."

"மூடுடா! நீ இங்க என்ன சொன்னாலும் அங்க கேப்பாங்க. தம்பி உங்களோட பேசினாரா, என்ன சொன்னார்னு. கையைத் தூக்கிச் சத்தியம் வாங்கிட்டுக் கேப்பாங்க. எனக்குப் பொய் சொல்ல வராது, உனக்குத் தெரியும்." மூக்கை உறிஞ்சினாள். "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, அந்த சூப்புப் பாத்திரம் இங்கதான் இருக்குன்னு. கழுவி வச்சிருக்கேன். எப்ப திருப்பிக் குடுக்கலாம்னு வக்கீலைக் கேட்டுத்தான் சொல்லணும்."

மரக்கதவு சாத்தியது. மெதுவாகத்தான் சாத்தினாள். வாக்கரின் ரப்பர்க் கால்கள் உள்ளே போகும் சத்தம் நான்கு அடி வரை கேட்டது.

*

வீட்டுக்கு வந்தபோது மழை நின்றிருந்தது. ரோசான் பின்வாசல் மேல்படியில் உட்கார்ந்திருந்தாள். கையில் ரப்பர்க் கையுறை. பக்கத்தில் பெரிய குப்பைத் தொட்டி.

"கொட்டகையைச் சுத்தம் பண்ணினேன்," என்றாள். அவனைப் பார்க்காமல். "தார்ப்பாய்க்கு அடியில மரத்துண்டு ரெண்டு கிடந்துச்சு. உடைஞ்ச இடத்துல மரம் பாதி, பட்டி பாதி. மேல பெயிண்ட்."

எமில் கீழ்ப்படியில் உட்கார்ந்தான். முட்டி இரண்டும் ஓசை போட்டன.

"உனக்கு எப்பத்திலிருந்து தெரியும்?"

"இன்னைக்கு மத்தியானம் ரெண்டு மணியிலிருந்து." அவள் கையுறையை உருவினாள். "முப்பது வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். நீ பொய் சொல்லுவன்னு எனக்குத் தெரியாது."

"நான் அவகிட்ட சொல்லத்தான் போனேன்."

"சொல்லிட்டியா?" ரோசான் சட்டென்று திரும்பினாள்.

"விடல அவ."

"நல்லவ." நீளமாக மூச்சு விட்டாள். "கேளு. நீ தெரிஞ்சே பண்ணினேன்னும், அதை மறைச்சு போன்ல பொய் சொன்னேன்னும் ஒத்துக்கிட்டா, கம்பெனி உன்னைக் கைவிட்டுடும். பாலிசி செல்லாதுன்னுடுவான். அப்ப லொரெட்டாவுக்குக் குடுக்க வேண்டியதை யாரு குடுக்கிறது? இந்த வீட்டை வித்துக் குடுக்கிறதா? நீ வாயைத் திறந்தா அவளுக்கும் கிடைக்காது, நமக்கும் தங்காது. பலகை தொட்டிக்குள்ள இருக்கு. நாளைக்குக் காலையில ஏழு மணிக்குக் குப்பை வண்டி."

"நான் திறக்கலேன்னா அவ தோத்துருவா ரோசான்."

"தோக்கட்டும்னா சொல்றேன்? என்ன பண்றதுன்னு தெரியலன்னு சொல்றேன்!" முகத்தைப் பொத்திக்கொண்டாள். "அவளுக்கு நான் கால் நகம் வெட்டிவிட்டேன்டா. விழுந்தது உன்னாலன்னு தெரியாமலே வெட்டிவிட்டேன்."

சாப்பிட்டார்கள். எமில் முட்கரண்டியை இடது கையில் பிடித்திருந்தான்.

சாப்பாட்டுக்குப் பின் வழக்கம் போலத் தொட்டியை உருட்டிக்கொண்டு தெரு ஓரத்துக்குப் போனான். வியாழக்கிழமை மாலை தெருவெங்கும் தொட்டிகள் வரிசையாக நிற்கும். எதிர்வீட்டுக்காரன் கை அசைத்தான். எமிலும் அசைத்தான். அவன் உள்ளே போகும் வரை காத்திருந்து மூடியைத் திறந்தான்.

காப்பித் தூள், முட்டை ஓடு, அதற்கு அடியில் சாம்பல் நிறம். இரண்டு துண்டையும் இழுத்தெடுத்தான். உடைந்த முனையில் பட்டி ரொட்டி போலப் பிளந்திருந்தது. அதில் அவன் கட்டைவிரல் பதிந்த தடம் அப்படியே இருந்தது. அழுத்தி வழித்தபோது விழுந்தது.

கொட்டகைக்கு எடுத்துப் போகவில்லை. தொட்டியிலும் திரும்பப் போடவில்லை. வண்டியின் கதவைத் திறந்து பக்கத்து இருக்கையில் வைத்தான். சமையலறை ஜன்னலில் ரோசான் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு அணைந்தது.

வீடு யாருக்குப் போகும், வழக்கில் யார் ஜெயிப்பது, நவம்பர் பதினாலாம் தேதி கையைத் தூக்கிச் சத்தியம் செய்த பிறகு தன் வாயிலிருந்து என்ன வரும், எதுவும் அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் எந்தக் காகிதத்திலும், எந்தப் பத்தியிலும் எழுதாத ஒரு கடன் இருந்தது. லொரெட்டாவுக்கு அவன் ஒரு மன்னிப்பு பாக்கி.